நெய்தல் வழிநடை

நுழையும்முன்

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் தெருக்களில் நடக்க வேண்டும். அவ்வூரார் உண்பதை அவர்களோடு அமர்ந்து உண்ண வேண்டும். வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, சிறு குழுவாக நடந்து, ஓரிடத்தின் தொழிலையும் வழக்கத்தையும் உணவையும் நேரில் அறியும் பயணங்கள் இன்று உலகெங்கும் நிகழ்கின்றன. ஜப்பானின் பழைய நகரங்களிலும் கடற்கரைச் சிற்றூர்களிலும் அயல்நாட்டார் இவ்வாறு நடந்து செல்வதைக் காணலாம். இத்தகைய பயணத்திற்கு ஓர் இலக்கிய வகையையே தந்தது தமிழ். அதன் பெயர் ஆற்றுப்படை. ஆற்றுப்படை நூலொன்று காட்டும் வழியை மரக்காணம் உப்பளக் கரையில் நடந்து பார்க்கிறது இப்பாடம்.

கதவடைத்த வீடு

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞரை வழியில் காண்கிறார். தாம் பெற்றதைக் கூறி, அதை அளித்த வள்ளலிடம் செல்லும் வழியையும் கூறி அவரை ஆற்றுப்படுத்துகிறார். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருக்குரிய துறையாக இதைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பதே இவ்வகை பெற்றிருந்த செல்வாக்கைக் காட்டும்.

அவற்றுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இதன் ஆசிரியர். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன் இதன் பாட்டுடைத் தலைவன். இடைக்கழிநாடு என்னும் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் அந்நிலம் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில், மரக்காணத்திற்குச் சற்று வடக்கே உள்ளது. ஆகவே நத்தத்தனார் காட்டும் வழி அவர் நன்கறிந்த கரையின் வழி. தாழை எங்கே பூக்கும், எவ்வூரில் எது கிடைக்கும் என்பதை அவர் எவரிடமும் கேட்டறியத் தேவை இருந்திருக்காது.

வழிகாட்டும் பாணன் தன் பழைய நிலையை நினைவுகூரும் பகுதி இந்நூலில் மறக்க இயலாதது. அவன் வீட்டின் கூரை சிதைந்திருக்கிறது. சுவரில் கறையான் படர்ந்திருக்கிறது. அடுக்களையில் அடுப்பெரியவில்லை. அங்கே நாயொன்று குட்டி ஈன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பால் உண்ண முயல, தாய் பசியால் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். அதை உண்ணும்போது பிறர் பார்த்துவிடுவரோ என நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

இங்கு இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஒன்று, கீரையில் உப்பில்லை. வறுமையின் அடிநிலையைக் காட்டப் புலவர் தேர்ந்த அடையாளம் அதுதான். இன்னொன்று, கதவு அடைக்கப்படுகிறது. பசி பொறுக்கப்படுகிறது, அப்பசியைப் பிறர் காண்பதுதான் பொறுக்க முடியாததாகிறது. அந்த நிலையிலும் இருப்பது சுற்றத்தோடு பகிரப்படுகிறது என்பதைப் புலவர் சொல்லத் தவறவில்லை.

இவ்வாறு உப்பற்ற உணவை அறிந்தவனே வழிகாட்டி. அவன் எதிர்வந்தவனுக்குக் கூறும் வழியின் முதல் நிறுத்தம் கடற்கரைப் பட்டினம் ஒன்று.

மதிலொடு பெயர்பெற்ற பட்டினம்

அப்பட்டினம் எயிற்பட்டினம். எயில் என்றால் மதில். ஊரின் பெயரை நேராகக் கூறாமல், மதிலின் பெயரைக் கொண்ட பட்டினம் எனக் குறிப்பாகச் சுட்டுகிறார் புலவர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயண நூலான 'பெரிப்ளூஸ்' சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைமுகங்களைக் குறிப்பிடுகிறது. பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு எனக் கொள்ளப்படுகிறது. சோபட்மா என்பது 'சோப்பட்டினம்' என்பதன் திரிபு என்பர். 'சோ' என்பதற்கும் தமிழில் மதில் என்றே பொருள். எயிற்பட்டினமும் சோப்பட்டினமும் ஒன்றே என்றும், அது இன்றைய மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர்.

எயிற்பட்டினத்தை நத்தத்தனார் மலர்களால் வரைகிறார். தாழை அன்னம்போல் பூக்கிறது. செருந்தி பொன்னெனத் தோன்றுகிறது. புன்னையின் அரும்பு முத்தாகிறது. அலைகள் கரையில் ஒதுக்கிய அகில் மரத் துண்டுகள் உறங்கும் ஒட்டகங்களைப்போல் கிடக்கின்றன. பாலைநில விலங்கொன்று கீழைக்கடற்கரைப் புலவரின் உவமையில் வந்து படுத்திருப்பது வியப்பைத் தருகிறது. அந்த மணமுள்ள மரமே இங்கு விறகு. அதில் எரியும் தீயருகே நுளையர் மகள் தேறல் வடிக்கிறாள். பரதவர் அதை வருவோருக்கு வழங்குகின்றனர். உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருகின்றனர்.

உலர்மீன் என்பது இன்றைய வழக்கில் கருவாடு. மரக்காணம் சந்தையிலும் சுற்றுக் குப்பங்களிலும் நெத்திலி, வாளை, சுறா எனப் பலவகைக் கருவாடுகள் இன்றும் விற்கப்படுகின்றன. மீன் கிடைக்கும் நாளில் மிஞ்சியதை, கிடைக்காத நாளுக்குச் சேர்த்துவைக்கும் அறிவே கருவாடு. அதற்கு வேண்டுவன வெயிலும் உப்பும். இரண்டுக்கும் இக்கரையில் குறைவில்லை.

எயிற்பட்டினத்திலிருந்து வழி உள்நாட்டை நோக்கித் திரும்புகிறது. அடுத்து வரும் வேலூரில் எயினர் வீடுகளில் புளி சேர்த்துச் சமைத்த இனிய சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கின்றன. மரக்காணத்தை அடுத்த உப்புவேலூரே அவ்வேலூர் என்பர். அதற்கும் அப்பால் மருத நிலத்து ஆமூரில் உழவர் வீட்டுப் பெண்டிர் கைக்குத்தல் அரிசிச் சோற்றையும் நண்டுக் கலவையையும் படைக்கின்றனர். வழியின் முடிவில் இருப்பது கிடங்கில். நல்லியக்கோடனின் தலைநகரான அது இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. கிடங்கல் என வழங்குகிறது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சாலை வழியே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவு. யாழைச் சுமந்து சுற்றத்தோடு செல்லும் பாணனுக்கு அது இரண்டு நாள் நடை.

நிலம் மாறும்போது தட்டும் மாறுகிறது. கடற்கரையில் மீன், காட்டில் புளிச்சோறு, வயலில் நண்டு. ஓய்மாநாட்டின் நிலப்படத்தை நத்தத்தனார் உணவால் வரைந்துவிடுகிறார். அரண்மனையில் நல்லியக்கோடன் பாணனுக்குப் படைக்கும் விருந்து இன்னும் நுட்பமானது. அருச்சுனனின் தமையனான வீமன் இயற்றியதாகக் கூறப்படும் சமையல் நூலின் நெறி வழுவாமல் சமைக்கப்பட்டது அது. அரசன் தானே அருகில் நின்று உண்பிக்கிறான். அவ்வரண்மனையின் வாயிற்கதவைப் பற்றியும் புலவர் ஒன்று கூறுகிறார். பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அது அடைக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்குப் பின்னால் உப்பில்லாக் கீரையோடு தொடங்கிய பசியின் கதை, அடைக்காத கதவின் முன் வந்து நிற்கிறது.

வரப்பின்மேல்

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர். சாலையின் பக்கத்தில் வெண்குவியல்கள் தெரிகின்றன. சிலர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அங்கு உண்மையில் நிகழ்வதைக் காண, வண்டியை விட்டிறங்கி வரப்பில் நடக்க வேண்டும். அதுவும் விடியும் முன் செல்ல வேண்டும். வெயில் ஏறிய பின் வெண்மையான தரையைக் கண்ணால் நோக்குவதே கடினம். அதனால்தான் உப்பளத் தொழிலாளர் இருட்டோடு வேலையைத் தொடங்குகின்றனர்.

உப்பு விளைச்சல் என்னும் சொல்லாட்சி பொருள் பொதிந்தது. நெல்லைப்போலவே உப்புக்கும் பாத்தி உண்டு, வரப்பு உண்டு, மடை உண்டு, பருவம் உண்டு. நெல் மழையை வேண்டும்; உப்பு மழையை வெறுக்கும் என்பது ஒன்றே பெரிய வேறுபாடு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் சனவரியில் பாத்திகளைச் சீர்செய்வர். சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, தரையைக் காலால் மீண்டும் மீண்டும் மிதித்து இறுக்குவர். இம்மிதிப்பு சரியாக அமையாவிட்டால் நீர் தரைக்குள் இறங்கிவிடும். உப்பில் மண் கலந்துவிடும். வெண்மையான உப்பின் பின்னே பல நாள் கால்வலி இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் முக்கால் பங்குக்கும் மேற்பட்டது சோறு கறிகளில் நாம் இடும் சோடியம் குளோரைடு. எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். இவற்றைப் பிரிப்பதுதான் உப்பளக் கலை. நீரின் அடர்த்தியைப் பாமே என்னும் அளவையால் குறிப்பர். கடல்நீர் 3 பாகை அளவில் இருக்கும். அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குச் சிறிது சிறிதாக நகர்த்துவர். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சிக்கொள்ளக் கால்சியம் உப்புகள் முதலில் படிந்துவிடும். 25 பாகையை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதற்குள் நீரின் கொள்ளளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். 30 பாகையை நெருங்கினால் மீதி நீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் மக்னீசியம் படிந்து உப்பு கசக்கும். அனுபவம் மிக்க தொழிலாளர் பாத்தி நீரின் நிறத்தைக் கொண்டும், விரலால் தொட்டு அதன் பிசுபிசுப்பைக் கொண்டும் இப்பதத்தை அறிவர். கருவி பின்னர் வந்தது. கை முன்பே அறிந்திருந்தது.

விளைந்த உப்பை நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் வரப்போரம் வாரிச் சேர்ப்பர். நீர் வடிந்த பின் கூடைகளில் ஏற்றிச் சுமந்து மேட்டில் குவிப்பர். வாருவதிலும் சுமப்பதிலும் பெண்களின் பங்கு பெரிது. குவியல்மீது கீற்று வேய்ந்துவிட்டால் திடீர் மழையிலிருந்து உப்பு ஓரளவு பிழைக்கும்.

வரப்பில் நடப்பவர் காண வேண்டிய மற்றொன்று, தொழிலாளரின் பாதங்கள். உவர்நீரில் நாள்தோறும் நிற்பதால் தோல் வெடித்திருக்கும். சிறு காயமும் எளிதில் ஆறாது. வெண்மையில் தெறிக்கும் வெயில் ஆண்டுக்கணக்கில் கண்களைத் தாக்கும். கருப்புக் கண்ணாடியும் காலுறையும் இத்தொழிலுக்கு இன்றியமையாதவை. எல்லாருக்கும் அவை எந்நாளும் கிடைத்துவிடுவதில்லை.

நண்பகலுக்கு முன் வேலை ஓயும். வரப்போரத்து மரநிழலில் தூக்குச்சட்டிகள் திறக்கும். பழைய சோற்றுக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு, உப்பில் ஊறிய மாங்காய். நத்தத்தனாரின் எயிற்பட்டினத்து உணவுக்கும் இதற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. வியர்வையில் உடல் இழந்த உப்பைக் கஞ்சி மீட்டுத் தருகிறது என்பது இன்றைய உடலியல் கூறும் விளக்கம். அதை அறியாமலேயே இக்கரை அதை உண்டு வந்திருக்கிறது.

உமணர் சென்ற நெறி

சங்க இலக்கியத்தில் உப்பை விளைவிப்பவரும் விற்பவரும் உமணர். அவர்களின் வண்டித் தொடரை 'ஒழுகை' என்பர். சிறுபாணாற்றுப்படையிலேயே கொற்கையைப் பாடும் இடத்தில் அவர்கள் வருகின்றனர். உமணரின் வண்டியோடு வந்த பெண்குரங்கு, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு சேர்ந்து, முத்தை உள்ளே அடக்கிய கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கும் உப்பு வண்டியின் அச்சு முறிந்தால் என்செய்வது? அதற்காக வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. உப்பைக் கொடுத்து நெல்லைப் பெறும் பண்டமாற்றை அகப்பாடல்கள் பலவும் பேசுகின்றன. உப்புக்கும் நெல்லுக்கும் இருந்த இந்த உறவை வைத்து, சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததே 'சம்பளம்' என்னும் சொல் என விளக்குவாரும் உண்டு.

உமணர் வண்டி சென்ற வழி பிற்காலத்தில் நீர்வழியாகவும் மாறியது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து கரையை ஒட்டி ஏறத்தாழ 420 கி.மீ. ஓடிவரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம் பகுதியே. மரக்காணத்து உப்பு இக்கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றது. இன்று அப்படகுகள் இல்லை. கால்வாய் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. ஆனால் மரக்காணத்தை அடுத்த கழுவெளி என்னும் பரந்த உவர்நீர் நிலம் உயிரோடு இருக்கிறது. 5000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அது 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும் தொலைநாட்டுக் கரைப்பறவைகளும் வந்திறங்கும் இடம் அது. உப்பளத்தில் வேலை இல்லாத மழைமாதங்களே கழுவெளியில் பறவைகளின் வருகைக்காலம்.

நோட்டோ கடற்கரை

ஜப்பானியரின் மரபுவழி உணவுமுறைக்கு வாஷோக்கு என்று பெயர். 2013-இல் யுனெஸ்கோ அதை மானுட குலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. பருவத்திற்கேற்ற உணவு, விளைந்த இடத்தின் சுவையைக் கெடுக்காத சமையல் ஆகியன அதன் இயல்புகள். அவ்வுணவின் அடித்தளத்தில் உப்பு இருக்கிறது. மிசோ, சோயாச் சாறு, ஊறவைத்த காய்கள், உலர்த்திய மீன் ஆகியன உப்பின்றி ஆகா. கையில் உப்பைத் தொட்டுப் பிடிக்கும் 'ஒனிகிரி' என்னும் சோற்றுருண்டை, வழிநடைக்கு அவர்கள் எடுத்துச்செல்லும் கட்டுச்சோறு. சுமோ மல்லர் களத்தில் உப்பைத் தூவி இடத்தைத் தூய்மையாக்குவர். கடைவாயில்களில் சிறு உப்புக் குவியல் வைக்கும் வழக்கமும் உண்டு. புதுமனை புகும்போது உப்பையும் மஞ்சளையும் முதலில் எடுத்துச் செல்லும் தமிழ் இல்லத்தாருக்கு இது அயலாகத் தோன்றாது.

ஜப்பானின் இஷிகாவா மாநிலத்து நோட்டோ தீபகற்பத்தின் வட கரையில் பழைய முறையில் உப்பு எடுக்கும் களங்கள் உள்ளன. அங்கு மரக்காணத்து வெயில் இல்லை. ஈரக்காற்றும் மழையும் மிகுந்த நாடு அது. வெயிலை மட்டும் நம்பி உப்பு எடுக்க இயலாது. எனவே வேறொரு வழியைக் கண்டனர். கடல்நீரை மர வாளிகளில் மொண்டு தோளில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுவருவர். பரப்பிய மணல்மீது அதை மழைபோலச் சீராக வீசித் தெளிப்பர். மணல் உலர்ந்ததும் அதைத் திரட்டி, கடல்நீர் ஊற்றி, அடர்ந்த உப்புநீரை வடித்தெடுப்பர். பின்னர்ப் பெருங்கலத்தில் விறகுத் தீயில் மணிக்கணக்கில் காய்ச்சுவர். 'அகேஹாமா' என்பது இம்முறையின் பெயர். வாளி நீரைக் கையால் வீசப் பழகுவதற்கே ஆண்டுகள் ஆகும் என்பர்.

இத்தொழில் அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டது. ஜப்பானில் 1905 முதல் 1997 வரை உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 1971-இல் வந்த சட்டம் ஆலை உப்புக்கு வழிவிட்டது. நாடெங்கும் பழைய உப்புக்களங்கள் மூடப்பட்டன. நோட்டோவில் மட்டும் விடாது பிடித்திருந்தவர்களால் அம்முறை தப்பியது. 2008-இல் அது நாட்டின் முதன்மையான நாட்டார் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கு வரும் பயணியர் வெறுமனே நின்று பார்ப்பதில்லை. வாளியைத் தாமே தோளில் ஏற்றிப் பார்க்கின்றனர். மணலில் நீரை வீசிப் பார்க்கின்றனர். உப்புக்களத்தில் உழைப்பவர் அருகில் நின்று கற்றுத்தருகிறார். பத்து வாளி சுமந்த பின் ஒரு சிட்டிகை உப்பை நாவில் இட்டவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.

2024 சனவரி 1 அன்று நேர்ந்த நிலநடுக்கம் அத்தீபகற்பத்தைக் கடுமையாகத் தாக்கியது. வட கரையில் பல இடங்களில் நிலம் மேலெழும்பிக் கடல் விலகிச் சென்றது. காலங்காலமாக நீர் மொண்ட இடத்தில் பாறை தெரிந்தது. இயற்கையைச் சார்ந்த தொழிலுக்கு இயற்கையே எந்நாளும் துணைநிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

மரக்காணத்தில் நோட்டோவைப்போல அரசு அறிவித்த மரபுச் சிறப்பு எதுவும் உப்பளக் கலைக்கு இல்லை. பாத்தியின் பதம் அறிந்த கை, சந்தையில் கூலிக் கையாக மட்டுமே எண்ணப்படுகிறது. இத்தனைக்கும் நோட்டோ களங்களின் வயது ஏறத்தாழ 400 ஆண்டுகள். நெய்தல் நிலத்து உமணர் மரபோ சங்கப் பாடல்களின் பழைமை கொண்டது.

மரக்கிளைகளில் உணவு

உப்பும் நடையும் விருந்தோம்பலும் ஒன்றுசேர்ந்த மற்றொரு பயணம் அண்மைக்கால வரலாற்றில் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவு, இரண்டு வாரத்திற்கும் மேலான நடை. அவர்கள் வழிநடையில் பாடச் செய்யுள் இயற்றித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார். தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார்.

கதவைத் திறந்து விருந்தளித்தால் சிறை. தஞ்சைச் சீமையின் மக்கள் அதற்கும் ஒரு வழி கண்டனர். தொண்டர் செல்லும் சாலையோரத்து மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். தந்தவர் இன்னாரென்று அறிய முடியாது. உண்டவர் பசித்திருக்கவும் இல்லை. ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. வரலாற்று நூல்கள் உப்பு அள்ளிய கைகளை விரிவாகப் பேசுகின்றன. பொட்டலம் கட்டிய கைகளுக்கும் அந்நிகழ்வில் சரிபாதி பங்குண்டு.

மழை மாதங்கள்

அக்டோபர் முதல் திசம்பர் வரை மரக்காணத்து அளங்களில் வேலை இராது. பாத்திகளில் மழைநீர் நிற்கும், வரப்புகள் கரையும். தொழிலாளர் சிலர் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்வர். சிலருக்கு எதுவும் அமையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்க்கு உதவித்தொகை உண்டு. உப்பளத் தொழிலாளர்க்கு ஏன் இல்லை என்னும் கேள்வி நெடுநாள் எழுப்பப்பட்டது. அதன் பயனாக இம்மூன்று மாதங்களுக்கென ரூ.5000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பு 2022 முதல் 'நெய்தல்' என்னும் பெயரில் விற்பனைக்கு வருகிறது. தொல்காப்பியம் வகுத்த திணைப்பெயர் இன்று கடைகளில் உப்புப் பொட்டலத்தின்மேல் அச்சாகியிருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு ரூ.5000 என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பை எத்தனை நாள் எரியவைக்கும் என்பதை வகுப்பறையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு உட்படாத இழப்புகளும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. எது பாத்தி, எது கழி என்று அறிய முடியாதபடி ஒரே வெள்ளக்காடாகக் காட்சியளித்தது. புயலுக்குப் பின் வடிந்த நீரோடு வரப்பும் போய்விட்டால், சனவரியில் தொடங்க வேண்டிய வேலை மேலும் பல வாரங்கள் தள்ளிப்போகும். வேலை தள்ளிப்போவது கூலி தள்ளிப்போவதே.

இம்மாதங்களில் மரக்காணத்திற்கு வருவோர் கழுவெளியில் பூநாரைகளைக் கண்டு மகிழ்ந்து திரும்பலாம். அளங்களின் பக்கம் அப்போது எவரும் வருவதில்லை. வரப்பில் நின்று பதம் கூற ஒருவரும் இரார். ஊருக்கெல்லாம் உப்பு விளைவித்தவரின் வீட்டு அடுக்களையில் அன்று என்ன வெந்தது என்பதை, நத்தத்தனாரின் பாணனைப்போல, அவ்வீட்டாரே கூறினால்தான் அறிய முடியும். நீர் வடிந்ததும் சேற்றை வாருவர். வரப்புக் கட்டுவர். பின்னர் வரிசையாக நின்று, ஒருவர் அடியை ஒட்டி ஒருவர் அடிவைத்துத் தரையை மிதிக்கத் தொடங்குவர்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் ஒரு தொழில் நடைபெறும் இடத்திற்கு, அத்தொழிலில் ஈடுபட்டுள்ள ஒருவரையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்து செல்க. அவர் கூறிய செய்திகளையும், அங்கு உண்ணப்படும் உணவையும் கொண்டு புதிய ஆற்றுப்படை ஒன்றை உரைநடையில் எழுதுக.

சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் ஊர்களை விழுப்புரம் மாவட்ட நிலப்படத்தில் குறித்து, ஒவ்வோர் ஊரிலும் வழங்கப்படும் உணவுக்கும் அந்நிலத்தின் இயல்புக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் கலந்துரையாடுக.